ஒன்றரை பவர்

கொளப்பள்ளியிலிருந்து ஏழேகால் பஸ்.
அதை விட்டால் நடை.
வளைவில் யானை நிற்கிறதா என்று
எதிரே வரும் பால்காரரைக் கேட்டுக் கேட்டு நடை.

பையில் நாப்கின், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொடி,
சேற்றுப்புண் களிம்பு,
மூன்று மாதமாக யாரும் வாங்காத கொசுவலை ஒன்று.

முதல் மாதம் நாப்கினைச்
செய்தித்தாளில் சுற்றித் தரச் சொன்னார்கள்.
செய்தித்தாள் தீர்ந்துபோன அன்று
சுற்றாமல் கொடுத்தேன்.
மலை ஒன்றும் சரியவில்லை.

ஆறாம் நம்பர் காட்டில் ஒருத்தி
கொழுந்துக்கு நடுவிலிருந்து கூப்பிட்டாள்.
"அக்கா, அட்டை இருக்கா?"
புகையிலைத் தூள் இருக்கு, காலில் தேய்ச்சுக்க என்றேன்.
"அந்த அட்டை இல்லக்கா."
ரேஷன் அட்டை நான் விற்பதில்லை.
அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் பாஷை.
மேஸ்திரி காதில் விழவே கேட்கிறார்கள்:
அட்டை கடிச்சிருச்சுக்கா.
எத்தனை நாளா?
நாப்பது நாளா.
சுண்ணாம்பு வையி என்கிறார் மேஸ்திரி.

கோடு ஒன்றா இரண்டா, நான் கேட்பதில்லை.
கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
என்னிடம் காசு கொடுக்கிறார்கள்.
மருந்துக்கடை பந்தலூரில் இருக்கிறது,
மருந்துக்கடையில் மாமனாரின் கூட்டாளி இருக்கிறார்.

கண்ணாடி விற்பதுதான் பாடு.
"நான் என்ன பரீட்சையா எழுதப்போறேன்?"
என்றாள் பவுனம்மா.
ஊசியும் நூலும் கையில் கொடுத்தேன்.
நாக்கில் நனைத்தாள், முறுக்கினாள்,
ஒரு கண்ணை மூடினாள்,
நூலைத் திட்டினாள், நூல் செய்தவனைத் திட்டினாள்.
ஒன்றரை பவரை மாட்டிவிட்டேன்.
ஊசிக்குக் காது இருந்தது.
இப்போது நூறு, சம்பளத்தன்று எண்பது.
அதில் எனக்கு முப்பது.

கழற்றாமலே எடைக்குப் போயிருக்கிறாள்.
மின்தராசில் சிவப்பாக இருபத்தேழு.
நோட்டில் நீலமாக இருபத்துநாலு.
"மூணு எங்க சார்?"
"ஈரம்."
நாலு நாளாக வானம் ஒரு சொட்டு போடவில்லை.
பக்கத்தைத் திருப்பினாள். திருப்பினாள்.
"கோடையிலயும் ஈரமா?"
எண் படிக்க மூன்றாம் வகுப்பு போதும்,
கண் தெரிந்தால்.

மறுவாரம் கேட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
"களிம்பு கொண்டு போ. நாப்கின் கொண்டு போ.
இது வேண்டாம். வெளியாள் வியாபாரத்துக்கு
மேலிடத்தில் அனுமதி இல்லை."
பன்னிரண்டாம் நம்பர் லயத்தில் பிறந்தவளை
வெளியாள் என்றார் வாட்ச்மேன்,
என் செருப்பைப் பார்த்தபடி.

பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தேன்.
சனிக்கிழமை குழுவில் தவணை கட்டவேண்டும்.
கண்ணாடிகளைத் துடைத்தேன்.
துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

ஐந்து மணிக்குப் பவுனம்மா வந்தாள்.
பின்னால் பதினோரு பேர்,
இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல்.
ஊசி நூலை எடுத்தேன்.
"அதெல்லாம் வேணாம் யோகேஸ்வரி,
உன் கணக்கு நோட்டைக் காட்டு."

ஒன்று, ஒன்றரை, இரண்டு
என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு
என் கோழிக் கிறுக்கலைப் படித்தார்கள்.
யார் எவ்வளவு பாக்கி,
யார் யாருக்குத் தெரியாமல் பாக்கி,
எல்லாம் வெளிச்சமாயிற்று.
ஒருத்தி இன்னொருத்தியைக் கிள்ளினாள்.
நல்லவேளை, அட்டைக் கணக்கு நான் எழுதுவதில்லை.

பவுனம்மாவின் விரல் ஓரிடத்தில் நின்றது.
கொழுந்துக் கறை ஏறிய விரல்.
"எனக்கு எம்பதுன்னுதானே சொன்ன?
இங்க தொண்ணூறு இருக்கு."

பஸ்ஸில் எழுதினேன், கை ஆடிப்போச்சு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை,
கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தாள்.
அவள் பார்க்கப் பார்க்க
அடித்துவிட்டு எண்பது என்று எழுதினேன்,
எட்டைக் கொஞ்சம் பெரிதாகவே.

பையில் மீதி:
இரண்டரை பவர் ஒன்று,
கொசுவலை ஒன்று.